களியக்காவிளை, சனிக்கிழமை

பாறசாலை பைஜு கடையில் அதே கார்
நம்ம ஊரைவிட நாற்பது ரூபாய் குறைவு.
பஸ்ஸுக்குப் போக வர முப்பது,
ஒரு சாயா பன்னிரண்டு.
இரண்டு ரூபாய் நஷ்டம் என்பாள் ஷெர்லின்.
சாயாவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது என் கட்சி.

கேம் மெஷினை வந்த அன்றே வாங்குகிறவன் மடையன்.
ஆறு மாதம் பொறு.
துபாயிலிருந்து வருகிற எவனாவது
சலித்துப்போய்ப் பாதி விலைக்குத் தருவான்.
பொத்தான்களை மட்டும் அமுக்கிப் பார்:
தாவுகிறது தேய்ந்திருந்தால் பிள்ளைகள் ஆடியது,
சுடுகிறது தேய்ந்திருந்தால் அவனே.

பொம்மைக் காரின் உறையை மட்டும் பிரிக்காதே.
பிரித்தால் விலை பாதி.
எட்டு வருஷம், நூற்றுப்பதினாறு கார்,
ஒன்றின் சக்கரமும் தரை தொட்டதில்லை.

நேற்று செக்போஸ்ட்டில் பையைத் துழாவியவர்
மஞ்சள் ஜீப்பை எடுத்தார்.
"உள்ள என்ன?"
"ஜீப் சார்."
நகத்தால் கிழித்தார். நான் வாய் திறக்குமுன்
மேசைமேல் ஒரு தள்ளு.

பேனா தாண்டி,
வண்டி நம்பர் எழுதும் நோட்டு தாண்டி,
கோணாமல் போய் விளிம்பில் நின்றது.
"கொள்ளாமே" என்றார். இன்னொரு தள்ளு.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

விலை பாதிதான், இப்போதும் அதையே சொல்வேன்.
ஆனால் மற்ற நூற்றுப்பதினாறில்
எது இடப்பக்கம் இழுக்கும் என்று
யார் கண்டது.