ஒன்பதாம் பாகம்

கம்பமெட்டுச் சோதனைச்சாவடியில் ஜீப் நிற்கிறது.
பதினான்கு பேர், பதினான்கு தூக்குவாளி,
மூன்றாகக் கிழித்த ஒரே நாவல்.

கடைசித் துண்டு பவுன்தாயிடம்.
முடிவு தெரிந்த சிரிப்பு.
நடுத்துண்டுக்காரி சுருளியம்மா
காதைப் பொத்திக்கொள்கிறாள்.

கிணற்றுப் படியிறங்கி
முந்நூறு வருஷம் பின்னால் போகிற டீச்சரம்மா
அந்தக் குதிரைக்காரனோடேயே இருக்கட்டும்
என்கிறாள் ஒச்சம்மா.
“ரேஷன் கார்டு இல்லாத ஊர்ல எப்படிடீ இருப்பா?”
“இருக்குற ஊர்ல மட்டும்?”

எனக்கு நாலாம் பாகத்திலேயே அலுத்துவிட்டது.
எத்தனை தடவைதான்
வெட்டுப்பட்டுப் பிழைப்பான் ஒருத்தன்?
ஆனாலும் விடவில்லை.
ஏழாவதில் ஒரு வரி வரும்:
பத்து வருஷம் வாழ்ந்துவிட்டு அவள் திரும்பும்போது
அடுப்பில் பால் இன்னும் பொங்கியிருக்காது.
பொய்தான்.
காய் எடுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

டார்ச் அடித்துத் தலை எண்ணிய போலீஸ்காரர்
தயங்கி, தாழ்ந்த குரலில்:
“எந்தாயி? அவள் திரிச்சு வந்நோ?”

ஜீப்பே பவுன்தாயைப் பார்க்கிறது.
சுருளியம்மாகூடக் கையை எடுத்துவிட்டாள்.

ஏலக்கறை போகாத விரலால்
பவுன்தாய் பக்கத்தை மடிக்கிறாள்.
“சங்கிலிய இறக்குங்க சார்,
ஏழரை தாண்டினா
அரைநாள் கூலிதான்.”