நடுக்கோடு

வால்பராய்சோவில் கரண்ட் போன இரவு.
இன்குபேட்டர் ஆறிவிடுமென்று
ஒன்பது முட்டைகளையும்
கம்பளிச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு
குன்றின் படிகளில் ஏறுகிறாள் ஹிமேனா,
ஒரு கை சுவரில்.

ஓட்டில் அவள் வெட்டிய சன்னல்,
மேலே ஒட்டுநாடா.
உள்ளே நான்காம் நாள்.
முளைத்த நரம்பிழை ஒன்று
நுனியில் விரல் விரித்து
தொட்டு, சுருங்கி, மறுபடி தொட்டு
முதுகுத்தண்டின் நடுக்கோட்டுக்கு வருகிறது.
வாசனைதான் கூப்பிட்டது.
அங்கேயே ஒரு காரமும் இருந்தது;
தாண்டிய பிறகுதான் உறைக்கும்.
பிறகு திரும்பாது.

நாற்பதாம் படி.
இடப்புறம் எவரிஸ்தோவின் கதவு.
மெழுகுவர்த்தி. மீன் பொரியும் மணம்.
யாரோ சிரிக்கிறார்கள்.

சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டு
எதிர்ப்பக்கக் கம்பியைப் பிடித்து ஏறுகிறாள்.

மேலே போய்
முட்டைகளை எண்ணிப் பார்க்கிறாள்.
ஒன்பது.
வெதுவெதுப்பாகத்தான் இருக்கின்றன.