அடக்கம்: பத்தொன்பது

மாலை ஐந்து மணிக்கே பிடித்துக்கொண்டது மழை.
மலாவி ஏரி எங்கே முடிகிறது,
வானம் எங்கே தொடங்குகிறது, தெரியவில்லை.
தகரத்தின் கீழ்
தலைமை அலுவலகத்துக்கு அனுப்பவேண்டிய ஆண்டறிக்கையோடு
உட்கார்ந்திருக்கிறேன்.
லாந்தரில் எண்ணெய் பாதி.

ஞானஸ்நானம்: இருபத்தேழு.
திருமணம்: மூன்று. அதில் ஒன்று,
பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு.
அடக்கம்: பத்தொன்பது.
இங்கே நிற்கிறது பேனா.

ஜனவரியில் நான் வேறு ஆள்.
கோயில் கூரையை முடிப்பேன், கடனை அடைப்பேன்,
இரண்டாய்ப் பிரிந்த பாடகர் குழுவை
ஒரே பெஞ்சில் உட்காரவைப்பேன் என்று
புது நோட்டில் கோடு போட்டு எழுதியிருக்கிறேன்.
கூரை பாதியில் நிற்கிறது.
பாடகர் குழு இப்போது மூன்று.

ஏப்ரலில் மன்னிப்பைப் பற்றி
ஐம்பது நிமிடம் பிரசங்கித்தேன்.
மூப்பர் கொண்ட்வே தேம்பித் தேம்பி அழுதார்.
கண்ணீரை அறுவடைக் கணக்கில் எழுதிக்கொண்டேன்.
வெளியே வந்தவர்
மைத்துனனின் சைக்கிளைக் கண்டதும்
முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஜூலையில் செத்தான் சவனங்வா.
படகு எஞ்சின் பழுது பார்ப்பவன், குடிப்பான்.
காணிக்கை அட்டையில்
மூன்று வருடமாய் ஒரு முத்திரை இல்லை.
ஒழுங்கு ஒழுங்குதான் என்றேன்.
மணி அடிக்காது. அங்கி வராது.
பெண்கள் சங்கம் வெள்ளைச் சீருடையில் போகக் கூடாது.
அவன் மனைவி தெம்வா
என் வாசலில் வந்து நின்றாள்.
எதையும் கேட்கவில்லை. திரும்பிப் போனாள்.

மறுநாள் பெண்கள் போனார்கள்,
சமைத்த துணியோடு,
பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு.
சங்கத் தலைவி நியாசோகோ மட்டும்
என் வீட்டு வழியாகச் சுற்றி வந்தாள்.
"நாங்கள் ஒழுங்கை மீறவில்லை, போதகரே.
வெள்ளையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டோம்."

வாழைகளுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.
மூன்று குழுவும் அங்கேதான் இருந்தன,
மூன்று சுருதியில்.
கொண்ட்வேயும் மைத்துனனும்
ஒரே மண்வெட்டியைக் கை மாற்றி மாற்றி
குழியை மூடிக்கொண்டிருந்தார்கள்.
பத்தடி நடந்திருந்தால் நானும் அங்கே இருந்திருப்பேன்.
வழியெல்லாம் சேறு என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூலையில் ஏது சேறு.

செப்டம்பரில் வந்தாள் தெம்வா. கடைசிப் பெஞ்ச்.
திருவிருந்துத் தட்டை நீட்டினேன்.
அப்பத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள்.
பிறகு எடுத்துக்கொண்டாள்.
மன்னிப்பா, பழக்கமா, காலைப் பசியா?
விசாரிக்க எனக்கு வாயில்லை.

"இவ்வாண்டு கற்ற பாடம்" என்கிறது கடைசிக் கேள்வி.
மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
'மழைக்கு முன்பே கூரை போட வேண்டும்'
என்று எழுதினேன். அதுவும் உண்மைதான்.
பிறகு மேலே போய்
பத்தொன்பதை அடித்து இருபது என்று எழுதினேன்.
திருத்தினால் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும்,
அது ஒழுங்கு.
இட்டேன். மை கொஞ்சம் ஊறியது.

பதினொன்றரை.
மாமரத்தில் தொங்கும் லாரிச் சக்கரத்தை
யாரோ அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.
அடிக்கிற இரும்பு
சவனங்வா ஏதோ எஞ்சினில் கழற்றித் தந்தது,
எந்த அட்டையிலும் ஏறாதது.

குடையைத் தேடுகிறேன்.
இன்றைக்கு நிஜமாகவே சேறு.