புரட்டாசி மூன்றாம் சனி, போர்ட் லூயி

சனிக்கிழமை பெருமாளுக்கு என்று
முதலில் சொன்னவருக்குக்
குதிரைப் பந்தயம் தெரிந்திருக்காது.

எங்கள் வீடு கோட்டைக்குக் கீழே.
மேலே சித்தாதெல். கருங்கல். வெள்ளைக்காரன் கட்டியது.
அதன் பீரங்கிகள் கடலைப் பார்க்காமல்
ஊரைப் பார்த்து நின்றனவாம்.
பகைவன் கப்பலேறி வருவான் என்பதைவிட
பக்கத்துத் தெருவில் இருப்பான் என்ற பயம்.
சுட்டதாக எங்கள் தெருவில் யாரும் சொன்னதில்லை.
இப்போது அந்த மதிலில் பையன்கள் உட்கார்ந்து
வேர்க்கடலைத் தோலைத் துப்பிக்கொண்டே
டிக்கெட் இல்லாமல் குதிரை பார்க்கிறார்கள்.

மாதம் பிறந்த அன்று கிஸ்த்னென் சொன்னார்:
மீன் இல்லை, கறி இல்லை, ரம் இல்லை.
(கிருஷ்ணன்தான். எந்தக் குமாஸ்தா
எந்தக் காதால் கேட்டு எழுதினானோ.)
"குதிரை?" என்றேன்.
மீனுக்கு யோசிக்காதவர் அதற்கு யோசித்தார்.
"குதிரையும் இல்லை."

இன்று முப்பது இலை, ஏழு கறி.
விடியுமுன் சந்தையில் வாழையிலைக்குச் சண்டை போட்டேன்.
பக்கத்து வீட்டு க்ளேரெத்
ஞாயிறு தவறாமல் மாதா கோயில் போகிறவள்,
பெரிய அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள்.
கையில் எண்ணெய் தடவிப் பலாப்பிஞ்சு நறுக்க
எங்கள் தெருவில் அவளை மிஞ்ச ஆளில்லை.
நறுக்கிக்கொண்டே, கத்தியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்:
"ஐந்தாவது ஓட்டம். பெத்தி தொனேர்.
என் அக்கா மகன் அதற்குக் கால் தேய்த்துவிடுகிறான்."

சின்ன இடி என்று பெயர் வைத்த குதிரை.
கால் தேய்க்கிறவன் பொய் சொல்வானா?
தேங்காய்க்கு வைத்திருந்த இருநூறு ரூபாயை
அவள் பையில் திணித்தேன்.
விரதம் அவர் எடுத்தது.
நான் சமைக்க மட்டும்தான் நேர்ந்துகொண்டேன்.

எங்களுக்கு விலை பேசக் கிரியோல், வையக் கிரியோல்,
சாமிக்கு மட்டும் தமிழ்.
போன வருஷம் கும்பகோணத்துப் பூசாரியின் குடையைக்
கடற்காற்று பிடுங்கிக்கொண்டு போனது.
"குடை கோவிந்தா!" என்று அவர் தலையில் கைவைத்தார்.
தெருவே கைகூப்பி
"கோவிந்தா!" என்றது.
அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டென்று
அன்று மாலை அவர் விளக்கினார்.
இரண்டு பேருக்குத்தான் புரிந்தது.
ஒன்று நான்.
இன்னொன்று, இப்போது நினைத்துப் பார்த்தால்,
மூலையில் சிரித்துக்கொண்டிருந்த இவர்.

இன்று பூசாரி மூன்று வீடு முடித்து வர
மணி இரண்டரை.
சூடம் ஏற்றும் நேரம் காற்று திரும்பியது.
ஷாம் தெ மார்ஸின் ஒலிபெருக்கி
ஜன்னலேறி நேரே பூசை அறைக்குள் வந்தது.
பெத்தி தொனேர், பெத்தி தொனேர்,
பெத்தி தொனேர் முன்னால்,
ரூவா நுவார் வெளிப்பக்கம், ரூவா நுவார்,
ரூவா நுவார்...
கோட்டை மதில் முழுக்கக் கத்தியது.

"கோவிந்தா!" என்றார் என் வீட்டுக்காரர்,
அடிவயிற்றிலிருந்து.

அத்தனை பேரும் சிலிர்த்துப்போய்
"கோவிந்தா! கோ...விந்தா!" என்றார்கள்.
சின்ன நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.
"அண்ணனுக்கு இந்த வருஷம் பக்தி கூடியிருக்கு."
நானும் சொன்னேன், இருநூறு ரூபாயை நினைத்து.
மனதாரச் சொன்னேன்.

பந்தியில் அவர்தான் பரிமாறினார்.
யார் இலையிலோ பாயசத்தின்மேல் ரசம் ஊற்றினார்.
"தேங்காய் ஒன்று குறைகிறதே" என்றார் என்னைப் பார்த்து.
"சந்தையில் விலை" என்றேன்.
அதற்குமேல் கேட்கவில்லை.
வழக்கமாகக் கேட்பார்.

கடைசிப் பந்திக்கு க்ளேரெத் வந்தாள்,
செருப்பெல்லாம் மைதானத்துப் புழுதி.
யாரையும் பார்க்காமல் ஏழு கறியும் சாப்பிட்டாள்,
பலாக்காயை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினாள்.
நாங்கள் பழக்கியபடி
இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தாள்.

எடுக்கக் குனிந்தேன்.
இலைக்கு அடியில், நீர் பட்டு ஒட்டிக்கொண்டு,
பந்தயச் சீட்டு.
ஒன்றல்ல, இரண்டு.
இரண்டாவதில் ஐந்நூறு.