அரை யூனிட்

வாடகை ஏறிய மாதம்
கடையின் நடுவே ஒட்டுப்பலகை எழும்பியது.
அந்தப் பக்கம் குவெக், மீன்தொட்டி வடிகட்டிகளோடு.
இந்தப் பக்கம் நானும் ரொஹாயாவும்
இரண்டு தையல் இயந்திரங்களும்
வயிறு கிழிந்த ஒரு சோஃபாவும்.
காக்கி புக்கிட், மூன்றாம் மாடி.
சோஃபாவைத் திருப்ப வேண்டுமென்றால்
ஒருத்தி வெளியே போக வேண்டும்.

தரை போதாதவர்களுக்குச் சுவர் இருக்கிறது.
துளைப்பலகை வாங்கி முடுக்கினோம்.
சுத்தியல், வார் இழுக்கும் கட்டை, ஸ்டேப்பிள் பிடுங்கி,
ஒவ்வொன்றையும் மாட்டி
சாக்கட்டியால் ஓரம் வரைந்தாள் ரொஹாயா,
செத்தவனைச் சுற்றிப் போலீஸ் வரைகிற மாதிரி.
"எது காணோம்னு கோடே சொல்லும்" என்றாள்.
சொல்லியது.
மறுநாளே சுத்தியல் வடிவத்தில் ஒரு வெறுமை.
அரைமணி நேரம் தேடினோம்.
என் இடுப்பில் இருந்தது.

துணிச்சுருள்களுக்கு வீவக வீட்டின் மூங்கில் கழிகள்,
கூரையிலிருந்து சங்கிலியில்.
மூங்கிலுக்கு வேலை மாறவில்லை:
அங்கும் துணி, இங்கும் துணி,
இங்கே மழைக்கு ஓடி எடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

பாபின்களுக்கு என் மாத்திரைப் பெட்டி.
ஏழு குழி, ஏழு கிழமை.
திங்கள் வெள்ளை. செவ்வாய் பழுப்பு.
"வியாழனைக் கொடு" என்பேன்,
சாம்பல் நூல் வரும்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் எல்லா நிறமும் சிக்கிக் கிடக்கும்,
அதை யாரும் கேட்பதில்லை.
மாத்திரைகள் இப்போது கைப்பையில் உருள்கின்றன.

சிவப்பு டேப் சுற்றிய கத்தரி துணிக்கு மட்டும்.
அதால் காகிதம் வெட்டியவர்
மதியச் சாப்பாடு வாங்க வேண்டும்.
இதுவரை ரொஹாயா இரண்டு முறை.
நான் எத்தனை என்பது இந்தக் கவிதைக்குத் தேவையில்லை.

வளையூசிகள் ஏழு.
சமையலறைக் கத்திக்கான காந்தப் பட்டையில்
பிறை பிறையாய்த் தொங்கும்.
விளக்கணைக்குமுன் எண்ணுவோம்.
ஒரு வெள்ளிக்கிழமை ஆறு.

சோஃபா பிளாஸ்டிக் சுற்றித் தயார்.
பிடோக் போகிற லாரி கீழே ஹாரன் அடிக்கிறது.
அதில் உட்காரப்போகிற மனிதரை நான் பார்த்ததில்லை,
ஆனால் அவர் எடைக்குத்தான் நுரை அறுத்தேன்.
இடப்பக்கம் சாய்ந்து உட்காருவார்,
பழைய பள்ளம் சொன்னது.
அந்த இடப்பக்கத்தில் ஓர் ஊசி இருந்தால்?

லாரியை அனுப்பிவிட்டோம்.
அடித்துணியைப் பிரித்து
நுரையை அடுக்கடுக்காய் உரித்து
காந்தத்தால் தடவினேன், நோயாளியைத் தடவுவதுபோல.
பழைய ஸ்டேப்பிள்கள் வந்தன.
ஒரு இருபது காசு வரவில்லை, கையால்தான் எடுத்தேன்.
ஊசி இல்லை.

மணி ஒன்பதுக்குப் பலகையைத் தட்டினான் குவெக்.
ஒற்றைக்காலில் வந்தான்.
மற்றச் செருப்பு கையில்,
அடியில் குத்தி நிற்கிறது ஏழாவது.
பலகைக்குக் கீழே விரல் நுழையும் இடைவெளி,
நாங்கள் யாருமே அதை அளக்கவில்லை.

"இன்னொன்று, ஆன்ட்டி" என்றான்.
"உன் திருகாணிகள் என் பக்கம் வருது."

ஒன்றரை அங்குலத் திருகாணி,
முக்கால் அங்குலப் பலகை.
இடுக்கியோடு போனேன், வெட்டிவிட,
மன்னிப்பும் யோசித்துக்கொண்டே.
அவன் சுவரில் பதினோரு கூர்முனைகள்.
ஒன்றில் மீன்வலை, ஒன்றில் ரப்பர்க் குழாய்,
ஒன்றில் சாவி, ஒன்றில் குளிர்ந்த கோப்பிப் பை,
சுத்தியலுக்கு நேர் பின்னால்
உயிரோடு நெளிகிற புழுப்பொட்டலம்.
"தொடாதே" என்றான்.

இடுக்கியோடு திரும்பி வந்தேன்.
கீழ் இடைவெளிக்கு மிச்ச நுரையைத் திணித்தேன்.

சுத்தியலை இரண்டு விரற்கடை உயர்த்தினால்
தோள் வலிக்காது என்று
போன வாரம்தான் தெரிந்தது.
பலகையைத் தட்டிக் கேட்டேன்.
"வலை ஈரமா இருக்கு, நாளைக்கு" என்றது
அந்தப் பக்கம்.