தேறாதது

ஜெலுத்தோங்கில், சாயம் போன கடைவீட்டுக்குப் பின்னால்
பெங் ஹுவாட் தார்ப்பாயை உருவியபோது
முதலில் வெளியே வந்தது பூனை.
பிறகு அதன் வாயில் தொங்கிய குட்டி.
பிறகுதான் கார்.

நிசான் சன்னி. எண்பத்து மூன்று.
ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்கும்.
ஆயிரத்து எண்ணூறு வெள்ளி என்றார்.
நான் வாயைத் திறப்பதற்குள்
ஆயிரத்து அறுநூறு என்றார்.
கேட்காமல் இறங்கும் விலை வயிற்றைக் கலக்கும்.

கைப்பையில் காந்தம் கொண்டுபோயிருந்தேன்.
குளிர்பெட்டிக் கதவிலிருந்து கழற்றியது,
டுரியான் வடிவம், ஒரு முள் உடைந்தது.
தகரம் இருந்தால் ஒட்டும், புட்டி பூசியிருந்தால் விழும்.
முன்கதவில் விழுந்தது.
பின்கதவில் விழுந்தது.
சக்கர வளைவில் வைத்தபோது
காந்தத்தோடு சேர்ந்து கொஞ்சம் காரும் விழுந்தது.
"அது ஒன்றுதான் லா நான் சொல்லாதது" என்றார்.

பாயான் லெப்பாஸில் என் வேலை
உருப்பெருக்கியில் கண் வைப்பது.
மயிரிழைக் கீறல், தூசு, கோணிய கம்பிக்கால்
கண்டால் சிவப்புத் தட்டு.
பதினொரு வருஷம்.
ஒன்றையாவது எடுத்துச் சரிசெய்ய அனுமதி இல்லை.
சிவப்புத் தட்டு எங்கே போகிறது என்று
புதிதாக வந்த பெண் கேட்டாள்.
தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

ஓவர்டைம் சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன்.
தரைத்தகடு வெல்டிங். ரேடியேட்டர். நான்கு டயர்.
பதினான்கு வருஷமாகச் செத்துக் கிடக்கும் ரோட் டெக்ஸ்.
கிராண்டில் இன்னும் அவர் அண்ணன் பெயர்;
அண்ணன் பெர்த்தில், பேச்சுவார்த்தை இல்லை.
கூட்டினால் வந்தது கார் விலை அல்ல,
கல்யாணச் செலவு.

என் மைவிக்கே இன்னும் நான்கு வருஷக் கடன்.
அதன் பானெட்டைத் திறந்தால்
கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று
உனக்கென்ன இங்கே வேலை என்று பார்க்கும்.
இதன் பானெட்டைத் திறந்தேன்.
தரை தெரிந்தது.
கை முழங்கை வரை உள்ளே போனது.
ஒவ்வொரு போல்ட்டும் எட்டும் தூரத்தில்
துருப்பிடித்து உட்கார்ந்திருந்தது.

லோகேந்திரன் செய்தி அனுப்பினான்:
"அந்தக் காடி வேண்டாம். வாங்கினால் எங்கே நிறுத்துவாய்?"
இரண்டாவது வாக்கியத்தை அவன் எழுதியிருக்கக் கூடாது.
நான் இடம் அளக்கத் தொடங்கிவிட்டேன்.

பெங் ஹுவாட் தன் வேனிலிருந்து வயர் இழுத்தார்.
முதல் முறை டிக்.
இரண்டாவது முறை அதுவும் இல்லை.
மூன்றாவது முறை ஒரு இருமல்.
நான்காவதில் பிடித்தது.
ஒன்பது நொடி. எண்ணினேன்.
பின்னால் காய்ந்த இலைகள் ஓடின, பூனை ஓடியது,
மாடியில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.
பிறகு நின்றது.
"பெட்ரோல் பழசு" என்று சொல்லிவிட்டு
எனக்குத் தெரியாமல் தட்டிக்கொடுப்பதாக நினைத்து
அதைத் தட்டிக்கொடுத்தார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினேன்.
வேண்டாம் என்பதை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வது.
அவருக்கும் தெரியும்.
தார்ப்பாயை மட்டும் மூடவில்லை,
குட்டி ஒவ்வொன்றாக உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது.

பாலத்தின் நடுவில், இரண்டு பக்கமும் கடல்
ஆறிப்போன தேத்தண்ணீர் நிறத்தில் கிடக்க,
இடது கையால் பையைத் துழாவினேன்.
காந்தம் இல்லை.

ரேடியேட்டருக்கு மேலே போகும் குறுக்குச் சட்டம்.
அது விழாமல் பிடித்துக்கொண்ட ஒரே இடம்.
அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பாலத்தில் வண்டியைத் திருப்ப முடியாது.
பிறை வரை போய் மறுபடி ஏறினால் ஏழு வெள்ளி டோல்.
பாசாரில் டுரியான் காந்தம் மூன்று வெள்ளி.
ஏழில் மூன்று போனால்.

பிறையில் சிக்னல் போட்டது கை.
நான் இன்னும் கழித்துக்கொண்டுதான் இருந்தேன்.