மூக்கில்லாதவன் வீடு துடைக்கிறான்

பதினேழு வருஷம்
செம்பனை மரங்களுக்கு அடியில்
முதுகில் பம்பு சுமந்து மருந்தடித்தேன்.
களையைக் கொல்வதற்கும்
எங்கள் வாயில் மருந்துதான்.
முதலில் இரண்டு நகங்கள் போயின.
பிறகு ஒரு சாயங்காலம்
குழம்பு கருகிக்கொண்டிருக்க
அடுப்பருகே நின்று பேப்பர் படித்தேன்.
பூங்காவனம் ஓடிவந்து சிரித்தாள்,
சட்டென்று நிறுத்தினாள்.

இப்போது பீடோரில் தாமான் வீடு, இரண்டு அறை.
அவளுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை.
துணியும் வாளியும் எனக்கு.
பிளீச்சு ஆகாது என்றார்கள் கிளினிக்கில்,
நெஞ்சு பழைய கணக்கைத் திறந்துவிடுமாம்.

ஆகவே வியாழக்கிழமை இரவுச் சந்தைக்குப் போகிறேன்.
கரும்புச்சாறு ஆ லெக்
கஸ்தூரி எலுமிச்சைத் தோலை
எனக்கென்று மூட்டை கட்டி வைத்திருப்பான்.
சிவப்புச் சீனி ஒரு பங்கு,
தோல் மூன்று, தண்ணீர் பத்து.
மைலோ டின்னில் அளக்கிறேன்.
மருந்து கலந்த அதே கை,
சொட்டு சிந்தாது.

மூன்று மாதம் புளிக்க வேண்டும்.
தினமும் மூடியைத் திருகி
அதன் மூச்சை வெளியே விட வேண்டும்.
தைப்பூசத்துக்கு ஈப்போ போன இரண்டு நாளில்
ஒரு பாட்டில் வெடித்து
கூரை வரைக்கும் தோல்.
பக்கத்து வீட்டு பாக் ஜூசோ
திருடனென்று நினைத்து
மண்வெட்டியோடு நின்றாராம் விடியும்வரை.

பக்குவமா, அழுகலா?
அதை மூக்குதான் சொல்ல வேண்டும்.
பாக் ஜூசோவின் பேரன் இர்ஃபானைக் கூப்பிடுவேன்,
ஏழு வயது.
முகம் சுளித்தால் சாக்கடைக்கு.
"மாசாம்" என்றால் வாளிக்கு.
ஒரு மோப்பத்துக்கு ஐம்பது சென்,
பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளி.

துடைத்தது போதுமா என்பதைக் காது சொல்லும்.
ஈரத் தரையில் குதிகால் கீச்சிட வேண்டும்.
சட்டியடிக்குச் சாம்பல்.
காமாட்சி விளக்குக்கு
ரசத்துக்குப் பிழிந்த புளிச்சக்கை.
பொரித்த எண்ணெயைக் காரத்தில் காய்ச்சி
சோப்புக்கட்டி வெட்டுகிறேன்.
நான் களை எடுத்த மரத்தின் எண்ணெய்தான்,
என் கைக்கே திரும்பி வந்து
நுரைக்கிறது, கொஞ்சமாக.

போன மாதம்
மிச்சமிருந்த வினிகரை
வாசல் கால்வாய்ப் பிளவில் கொட்டினேன்.
மறுநாள் புல் மஞ்சள்.
அந்த மஞ்சள் எனக்குத் தெரியும்.
நுனியில் தொடங்கும், நடுவுக்கு வரும்,
மத்தியானத்துக்குள் தலை சாய்க்கும்.
அதைப் பார்த்துத்தான் மண்டோர்
என் பெயருக்கு நேரே கோடு போடுவான்.
குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.
சமையற்கட்டுச் சாமான்,
ஒன்றையும் கொல்லாது என்று
அவளிடம் சத்தியமே செய்திருந்தேன்.

ஏழு வாளி ஊற்றினேன்.
"புல்லுக்கா தண்ணீர்?" என்றார் பாக் ஜூசோ வேலிமேல்.
புல்லுக்குத்தான்.
அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
தன் குழாயையும் நீட்டினார்.
பாதி பிழைத்தது.
மீதிப் பாதி இன்னும்
வைக்கோலாய் நிற்கிறது, பிடுங்கவில்லை.

ஏழு இருபதுக்குத் தொழிற்சாலை பஸ்.
வாசற்படியில் நின்று
பூங்காவனம் மூச்சை இழுப்பாள்.
என்ன வாசம் என்று நான் கேட்பேன்.
ஒரு நாள் ஆரஞ்சு மிட்டாய் என்பாள்,
ஒரு நாள் மழை பெய்த தகரம்.
பாதி எனக்காகப் புனைவதுதான், தெரியும்.

இன்று செருப்பைக் கழற்றினாள்,
நின்றாள்.
"ஒண்ணும் இல்ல," என்றாள்.
"ஒரு வாசமும் இல்லைங்க. சும்மா வீடு."
பையைக்கூட இறக்காமல்
ஈரத் தரையிலேயே சாய்ந்து
கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனாள்.

பாட்டில்கள் காத்திருந்தன.
ஒவ்வொரு மூடியையும்
கால் திருகு மட்டும் திருகினேன்,
மூச்சு வெளியேற,
அவள் விழிக்காத அளவுக்கு.